உங்களுக்குத் தெரியுமா? கேரவனில் ககாடு!

வட ஆஸ்திரேலியாவில், டார்வின் நகருக்குக் கிழக்கே, சுமார் 20,000 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது ககாடு தேசியப் பூங்கா. ஆறும் சதுப்பும் அல்லிக்குளமும் மணற்பாறை மலையும் சேர்ந்த பூமி. மழை ஓய்ந்ததும் அடுப்பு, படுக்கை, பாத்திரம் எல்லாம் அடங்கிய கேரவனைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். அங்கே எதைப் பார்க்கலாம், எதைத் தின்னலாம், எதைக் கண்டால் ஓட வேண்டும்? வண்டியைக் கிளப்புவோம்.

வருடத்துக்கு ஆறு பருவம்

வெளியூர்க்காரர்கள் கணக்கில் அங்கே மழைக்காலம், வறண்ட காலம் என்று இரண்டே பருவங்கள். அந்த மண்ணின் ஆதிக்குடிகளான பினிஞ்ச், முங்குய் மக்களுக்கு ஆறு: குஜெவ்க், பங்கரெங், யெக்கே, வுர்கெங், குருங், குனுமெலெங். நாள்காட்டியின் தேதி பார்த்துப் பருவம் மாறுவதில்லை. பூ பூப்பது, பூச்சி வருவது, காற்று திரும்புவது இவைதான் அறிவிப்பு. எப்போது எதைத் தின்பது, எங்கே தங்குவது, எந்தப் புல்லுக்குத் தீ வைப்பது என்ற கணக்கெல்லாம் இந்த ஆறுக்குள் அடக்கம்.

புல்லைச் சாய்க்கும் புயல்

மழைக்காலத்தில் ஆள் உயரத்தையும் தாண்டி வளரும் ஈட்டிப்புல், நம் சோளத்தின் காட்டு உறவு. ஏப்ரலில், பங்கரெங் பருவத்தில், கடைசிப் புயல்காற்றுகள் வந்து அதைத் தரையோடு சாய்த்துவிடும். மழை முடிந்தது என்பதற்கு அதுதான் முத்திரை. அடுத்து வரும் மே முதல் செப்டம்பர் வரைதான் கேரவன்காரர்களின் காலம்.

நம்மைப் போலவே இடப்பக்கம்

ஆஸ்திரேலியாவிலும் வண்டி இடப்பக்கம்தான் ஓடும். டார்வினிலிருந்து ஆர்னம் நெடுஞ்சாலையில் சுமார் 250 கிலோமீட்டர் போனால் பூங்காவுக்குள் இருக்கும் ஜபிரு ஊர். முழுவதும் தார்ச்சாலை என்பதால் கேரவனுக்குச் சிரமமில்லை. சுகமாக ஓட்டலாம், ஆனால் எதிரில் வருவது என்ன என்று பார்த்து ஓட்ட வேண்டும். ஏன் என்றால்...

53 மீட்டர் லாரி!

ககாடு இருக்கும் வடபுலத்தின் (நார்தர்ன் டெரிட்டரி) நெடுஞ்சாலைகளில் மூன்று, நான்கு பெட்டிகளைக் கோத்து இழுக்கும் 'ரோடு டிரெயின்' லாரிகள் ஓடுகின்றன. அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச நீளம் 53.5 மீட்டர். கேரவனை இழுத்துக்கொண்டு இதை முந்த நினைப்பவர், முன்னால் வெகுதூரம் சாலை காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நினைக்க வேண்டும்.

வண்டிக்கும் நாய்க்கும் தடை

பூங்காவின் புகழ்பெற்ற ஜிம் ஜிம் அருவிக்குக் கேரவன் போகாது. நான்கு சக்கர இயக்க வாகனம் மட்டுமே தாங்கும் மண்பாதை அது. கேரவனை முகாமில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதையையே மூடிவிடுவார்கள். வளர்ப்பு நாய்க்கும் பூங்காவுக்குள் இடமில்லை. உதவி நாய்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

திசைகாட்டிப் புற்று

டார்வினுக்குத் தெற்கே உள்ள லிட்ச்ஃபீல்டு தேசியப் பூங்காவில் கரையான் புற்றுகள் தட்டைப் பலகைகளாக நிற்கின்றன. எல்லாமே வடக்கு தெற்காக. காலையிலும் மாலையிலும் அகலமான பக்கத்தில் வெயில் விழும். உச்சி வெயிலோ மெல்லிய விளிம்பில் மட்டும் படும். உள்ளே சூடு மிதமாகவே இருக்கும். திசை பிசகாமல் கட்டும் இந்தக் கரையான்களுக்குக் கண் பார்வை கிடையாது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அலிகேட்டரே இல்லாத அலிகேட்டர் ஆறு

ககாடுவில் ஈஸ்ட் அலிகேட்டர், சவுத் அலிகேட்டர் என்று ஆறுகள் ஓடுகின்றன. ஆனால் ஆஸ்திரேலியா முழுக்கத் தேடினாலும் காட்டில் ஓர் அலிகேட்டர் கிடைக்காது. 200 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையை அளக்க வந்த கடற்படை அதிகாரி பிலிப் பார்க்கர் கிங், முதலைகளை அலிகேட்டர் என்று எண்ணிப் பெயர் வைத்துவிட்டுப் போனார். பெயர் ஒட்டிக்கொண்டது.

பெரியவர், சின்னவர்

இங்கே இரண்டு வகை முதலைகள் உண்டு. 'சால்ட்டி' எனப்படும் உவர்நீர் முதலை 6 மீட்டர் வரை வளரும், ஆளைக் கொல்லும். 'ஃப்ரெஷ்ஷி' எனப்படும் நன்னீர் முதலை சிறியது, ஒடுங்கிய மூக்கு, சீண்டாதவரை சும்மா இருக்கும். உவர்நீர் முதலை கடலோரத்தில்தான் இருக்கும் என்று நம்பி உள்நாட்டுக் குளத்தில் கால் வைக்காதீர்கள். நன்னீரிலும் அது சுகமாக வாழும்.

தோலுக்காக அழிந்து மீண்டவை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தோலுக்காகச் சுட்டுச் சுட்டு, வடபுலத்தில் உவர்நீர் முதலைகள் சில ஆயிரம் மட்டுமே மிஞ்சின. 1971-ல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று அவை ஏறக்குறைய ஒரு லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். முன்பு கவலையில்லாமல் குளித்த பல குளங்களில் இப்போது எச்சரிக்கைப் பலகை நிற்பது இதனால்தான்.

5 மீட்டர், 50 மீட்டர்

முகாமிடுவோர் மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் இவை. தண்ணீர் ஓரத்திலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கூடாரம் போடுவதானால் 50 மீட்டர். கரையில் மீன் கழுவாதீர்கள், மிச்சச் சோற்றைக் கொட்டாதீர்கள். தினமும் ஒரே இடத்தில் தண்ணீர் மொள்ளவும் கூடாது. அந்த வழக்கத்தைக் கவனித்துக் காத்திருக்கும் பொறுமை முதலைக்கு உண்டு.

விருந்துக்கு வரிசை

ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றைக் கடக்கும் தாழ்வான தரைப்பாலம் கேஹில்ஸ் கிராசிங். கடல் ஏற்றம் உள்ளே ஏறும்போது மடவை மீன்கள் கூட்டமாக இந்தப் பாலத்தைத் தாண்டும். அந்த நேரம் தெரிந்து முதலைகள் முன்கூட்டியே வந்து வாய் திறந்து வரிசையாகக் கிடக்கும். மேலே கட்டிய மேடையிலிருந்து குடும்பத்தோடு பார்க்கலாம். பாலத்தின் மறுகரை ஆர்னம் நிலம். அங்கே போக ஆதிக்குடிகளின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஆணா பெண்ணா? வெயில் சொல்லும்

முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முட்டையிடும்போது முடிவாவதில்லை. கூட்டின் வெப்பம் 32 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் ஆண். அதற்குக் கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் பெண்.

கோங்கு பூத்தால் முட்டை

வறண்ட காலத்தில் இலை உதிர்ந்த கிளையில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஒரு சிறு மரம், நம் கோங்கின் நெருங்கிய சொந்தம். அது பூத்துவிட்டால் நன்னீர் முதலை ஆற்று மணலில் முட்டையிடத் தொடங்கிவிட்டது என்று பினிஞ்ச் மக்கள் அறிவார்கள். முட்டை அவர்களுக்கு உணவு. ஆற்றங்கரைக்குப் போய்த் தேடுவதற்கு முன்பே மரம் தகவல் சொல்லிவிடுகிறது.

தாமரை அங்கேயும் தாமரையே

யெல்லோ வாட்டர் என்னும் நீர்நிலையில் விடியற்காலைப் படகில் போனால், செந்தாமரைக் காடு. நம் கோயில் குளத்தில் பூக்கும் அதே இனம்தான், அங்கே இயற்கையாகவே வளர்கிறது. கொட்டையைப் பச்சையாகவும் சுட்டும் தின்பார்கள், கிழங்கும் உணவு. பக்கத்திலேயே இருக்கும் அல்லியின் தண்டு, விதை, கிழங்கு எதுவும் வீணாகாது. அல்லி விதையை அரைத்து மாவாக்கி அடை சுடும் வழக்கமும் இருந்தது.

தாமரை இலையில் ஒரு தாயுமானவன்

நீண்ட விரல்களைப் பரப்பித் தாமரை, அல்லி இலைகள்மேல் நடந்து போகும் சிவப்புக் கொண்டை இலைக்கோழியைப் பாருங்கள். அதில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பாவின் வேலை. ஆபத்து வந்தால் குஞ்சுகளைச் சிறகுக்குள் அள்ளி இடுக்கிக்கொண்டு அவர் நடையைக் கட்டுவார். அப்போது சிறகுக்குக் கீழே குட்டிக் கால்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

கண்ணைப் பார்த்தால் தெரியும்

கருங்கழுத்து நாரை இந்தியாவிலும் உண்டு, ககாடுவிலும் உண்டு. ஜோடியில் எது ஆண், எது பெண் என்று குழம்ப வேண்டாம். பெண்ணுக்கு விழி பளிச்சென்ற மஞ்சள், ஆணுக்குக் கருமை. தொலைநோக்கியைப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு கூடு, இரண்டு அம்மா

கருப்பு வெள்ளை மேக்பை வாத்துகளில் ஓர் ஆணும் இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரே கூட்டில் குடும்பம் நடத்துவது உண்டு. வறட்சி முற்றும்போது, வற்றாத சதுப்புகளில் ஆயிரக்கணக்கில் கூடி, காய்ந்த சேற்றை அலகால் கிளறிக் கோரைக் கிழங்கைத் தின்னும். கிழங்கு தின்று கொழுத்த வாத்து ஆதிக்குடிகளின் விருப்ப உணவு. மழைக்குப் பின் அதன் முட்டையும்.

வாத்துகள் அறுத்த நெல்

டார்வினிலிருந்து ககாடு போகும் வழியில் இருக்கும் ஃபாக் அணை, 1950-களில் நெல் சாகுபடிக்காகக் கட்டப்பட்டது. ஆசியாவுக்கே அரிசி விற்கலாம் என்று ஹம்ப்டி டூ பகுதியில் பெரிய திட்டம். நீர் மேலாண்மை சொதப்பியது, மண்ணும் ஒத்துழைக்கவில்லை, பயிரைத் தேடி மேக்பை வாத்துகள் வந்து இறங்கின. திட்டம் படுத்தது. அணை இன்று பறவை பார்ப்பவர்களின் சொர்க்கம். அணைக்கரைமேல் நடக்க மட்டும் அனுமதியில்லை. காரணம், முதலை.

கொடுவா: அப்பா அம்மாவாகும் மீன்

தூண்டிலோடு வரும் ஒவ்வொருவரின் கனவும் பாராமுண்டி. அது வேறொன்றுமில்லை, நம் மீன் சந்தையில் விற்கும் கொடுவாதான். பெரும்பாலும் ஆணாகவே வாழ்வைத் தொடங்கும், சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். ஆகவே பெரிய மீன் என்றால் அநேகமாகப் பெண். வடபுலத்தில் 55 சென்டிமீட்டருக்குக் குறைந்த பாராமுண்டியைப் பிடித்தால் திருப்பி விட்டுவிட வேண்டும்.

தண்ணீருக்கு அடியில் முட்டை

ஆமை என்றால் கரையேறி முட்டையிடும் என்பது பாடம். வடபுலத்தின் நீள்கழுத்து ஆமை அந்தப் பாடத்தை மீறும். வெள்ளம் நிற்கும்போதே நீருக்கடியில் சேற்றில் இட்டுவிடும். கரு வளராமல் அப்படியே காத்திருக்கும். நீர் வற்றிச் சேறு காய்ந்து காற்றுப் பட்டதும் வளரத் தொடங்கும். அடுத்த மழைக்குக் குஞ்சு தயார்.

கோலால் தட்டி ஆமை

வறண்ட காலத்தில் இதே ஆமை சேற்றுக்குள் புதைந்து உறங்கும். ஆதிக்குடிப் பெண்கள் காய்ந்த குளத்தில் நடந்து, கோலாலோ கடப்பாரையாலோ குத்திப் பார்ப்பார்கள். ஓட்டில் பட்ட சத்தம் கேட்டதும் தோண்டுவார்கள். நீரில் இறங்கி, வேர்களுக்கிடையே கைவிட்டுத் துழாவி நஞ்சில்லாத அரப்பாம்பைப் பிடிப்பதும் பெண்களின் கைத்திறன்தான்.

புளிக்கும் எறும்பு

மாமரத்தில் ஏறினால் கடித்துக் குதறும் முசுறு தெரியுமல்லவா? இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் அதே இனம் ககாடுவில் பச்சை வயிற்றோடு திரிகிறது. வயிற்றை நாக்கில் வைத்தால் எலுமிச்சைப் புளிப்பு. கூட்டை நசுக்கித் தண்ணீரில் கலந்து சளி, இருமலுக்குக் குடிப்பார்கள். இந்தியாவிலும் இதைச் சாப்பிடுகிறார்கள். ஒடிசாவின் சிமிலிபால் எறும்புச் சட்னி 2024-ல் புவிசார் குறியீடு பெற்றது.

கடுக்காயின் உறவுக்காரப் பழம்

திரிபலாவில் சேரும் கடுக்காய், தான்றிக்காய் இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ககாடு பிளமும் அதே பேரினம்தான். 100 கிராம் ஆரஞ்சில் வைட்டமின் சி சுமார் 50 மில்லிகிராம். 100 கிராம் ககாடு பிளமில் 2,000-க்கும் மேல் அளந்திருக்கிறார்கள். ஆலிவ் அளவே இருக்கும் இந்தப் புளிப்புப் பழத்தின் சாறு, வேகவைத்த இறால் கெடாமலிருக்கவும் உதவுகிறது. அழகுசாதனத் தொழிலும் இதைத் தேடி வருகிறது.

கசக்கும் கிழங்குக்கு ஓடும் தண்ணீர்

காட்டில் கொடி பார்த்துத் தோண்டும் வள்ளிக்கிழங்குகளில் ஒன்று சமர்த்து, சுட்டுத் தின்னலாம். இன்னொன்றை அப்படியே தின்றால் வாய் எரியும், வயிறு கெடும். அதைச் சமைத்து, மெல்லியதாகச் சீவி, பையிலிட்டு நீரில் ஊறவிட்டுக் கசப்பை வெளியேற்றிய பிறகே உண்பார்கள். மழை முடிந்து கொடி காய்ந்துவிடும் என்பதால், கிழங்கு எங்கே இருக்கிறது என்பதை முன்பே மனத்தில் குறித்துவைப்பவரே கெட்டிக்காரர்.

கொட்டாத தேனீ

அங்கே மரப்பொந்தில் கிடைக்கும் தேனைத் தருவது கொடுக்கில்லாத சிறு தேனீ, நம் கொசுத்தேனீயின் இனவகை. தேன் லேசாகப் புளிக்கும். மெழுகும் வீணாகாது, ஈட்டிமுனை ஒட்டவும், டிஜெரிடூ என்னும் ஊதுகுழலின் வாய்ப்பகுதி செய்யவும் உதவும்.

புற்று மண்ணில் அடுப்பு

பேப்பர்பார்க் மரத்தின் பட்டை ஏடு ஏடாக உரியும். மீனையும் வாத்தையும் அதில் பொதிந்து, குழிக்குள் சூடேற்றிய கல்லோடு வைத்து மண் மூடினால், சாறு வற்றாமல் வெந்துவிடும். வெள்ளச் சமவெளியில் கல் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? கரையான் புற்றின் கட்டிகளைச் சூடாக்கி வைப்பார்கள். சூட்டைப் பிடித்து வைப்பதில் கல்லுக்கு அது சளைத்ததல்ல.

65,000 ஆண்டுச் சமையல்

ககாடு எல்லையால் சூழப்பட்ட மாஜெட்பெபே பாறைக்குடிலில் மனிதர் வாழ்ந்தது சுமார் 65,000 ஆண்டுகளுக்கு முன்பே என்று 2017-ல் வெளியான ஆய்வு கணித்தது. அங்கே கருகிக் கிடந்த உணவு மிச்சங்களில் தாழையினக் கொட்டை, பனைக் குருத்து, கிழங்கு எல்லாம் இருந்தன. தாழைக் கொட்டையை உடைத்துப் பருப்பெடுப்பது இன்றும் கடினமான வேலை. அன்றே அதற்குக் கருவியும் பொறுமையும் இருந்திருக்கிறது.

பாறையில் எக்ஸ்ரே

ககாடுவின் உபிர் பாறைகளில் வரைந்த மீன்களில் முள்ளும் உள்ளுறுப்பும் வெளியே தெரியும். மீனுக்குள் என்ன இருக்கிறது, எந்த இடம் ருசி என்று அறிந்த கை வரைந்தது அது. அதே இடத்தில் தைலசின் என்னும் தாஸ்மானியப் புலியின் ஓவியமும் உண்டு. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அந்த விலங்கு அற்றுப்போய் 3,000 ஆண்டுகள் ஆகின்றன.

மின்னலின் பிள்ளைகள்

புரூங்குய் பாறையில் நமர்கொன் என்னும் மின்னல் மூதாதை ஓவியமாக நிற்கிறார். உடலைச் சுற்றி மின்னல் வளையம், முழங்கையிலும் முழங்காலிலும் கற்கோடரிகள். அவற்றை மோதினால் இடி. புயல்மழை தொடங்கும் குனுமெலெங் பருவத்தில் ஆரஞ்சும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி தோன்றும். அது அவருடைய பிள்ளை. அப்பாவைத் தேடி வருகிறது என்பார்கள்.

தீயைத் தூக்கிப் போகும் பருந்து

புல் முழுதும் காயும் முன்பே, ஈரம் மிச்சமிருக்கும் யெக்கே பருவத்தில் ஆதிக்குடிகள் துண்டு துண்டாகத் தீ வைப்பார்கள். பின்னால் பெருந்தீ பரவாமலிருக்க இது வழி. இந்தத் தீயருகே கரும்பருந்துகள் கூடி, தப்பியோடும் பூச்சியையும் பல்லியையும் பிடிக்கும். எரியும் குச்சியைக் கவ்விப் போய் வேறிடத்தில் போட்டுப் புதிய தீ மூட்டும் பருந்துகளைப் பற்றி ஆதிக்குடிகள் காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 2017-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை அந்தச் சாட்சியங்களைத் தொகுத்தது.

எருமை வெட்டிய வாய்க்கால்

19-ஆம் நூற்றாண்டில் இறைச்சிக்காகக் கொண்டுவந்த ஆசிய நீரெருமைகள் காட்டில் பெருகின. அவை சதுப்பில் நடந்து நடந்து வாய்க்கால் விழ, அந்த வழியே உப்புநீர் ஏறி நன்னீர்ச் சதுப்புகள் செத்தன, பேப்பர்பார்க் மரங்கள் பட்டுப்போயின. கால்நடை நோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் 1980-களில் பெருமளவு எருமைகள் அகற்றப்பட்ட பிறகே புல்லும் அல்லியும் திரும்பின.

தேரையை மல்லாக்கும் காகம்

கரும்புப் பூச்சியைத் தின்னட்டும் என்று 1935-ல் குயின்ஸ்லாந்தில் விட்ட நச்சுத் தேரை, ஊர்ந்து ஊர்ந்து 2001-ல் ககாடுவை எட்டியது. அதைத் தின்ற குவோல் என்னும் சிறு ஊனுண்ணி கூட்டம் கூட்டமாக மடிந்தது. ஆனால் காகமும் பருந்தும் பிழைக்கும் வழி கண்டன. தேரையை மல்லாக்கப் போட்டு, முதுகிலுள்ள நச்சுச் சுரப்பியைத் தொடாமல் வயிற்றைத் தின்கின்றன.

பறிக்க உங்களுக்கு உரிமையில்லை

இத்தனையும் படித்துவிட்டுப் பூங்காவில் பழம் பறிக்கக் கிளம்பாதீர்கள். செடி பறிப்பதும் வேட்டையாடுவதும் நில உரிமையுள்ள ஆதிக்குடிகளுக்கு மட்டுமே உரியவை. ருசி பார்க்க ஆசையென்றால் அவர்களே நடத்தும் வழிகாட்டிச் சுற்றுலாவில் சேருங்கள். எது காய், எது நஞ்சு, எது எப்போது பழுக்கும் என்பது அங்கேதான் தெரியவரும்.

அரசே குத்தகைதாரர்

ககாடு 1979-ல் தேசியப் பூங்காவானது. 1981-ல் இயற்கைக்கும் பண்பாட்டுக்கும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. ககாடு நிலம் ஆதிக்குடிகளுடையது. 2022-ல் மட்டும் பூங்காவின் ஏறக்குறைய பாதிப் பரப்பு அவர்களிடம் திரும்பியது. அவர்கள் அதை அரசுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். நிர்வாகக் குழுவிலும் அவர்களே பெரும்பான்மை. நீங்கள் வாங்கும் நுழைவுச் சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. கேரவன் நிறுத்த வாடகை கொடுக்கிறோம் என்று அலுத்துக்கொள்பவர்கள் கவனிக்க: அங்கே அரசாங்கமும் வாடகை கொடுத்துத்தான் இருக்கிறது!